வெண்களிமண் பன்றிகள்

ஒரு காட்டில், கொளுத்தும் பொட்டல் ஒரு பக்கமும் மூடுபனி மலை மறுபக்கமுமாக இருந்த காட்டில், ஒரு பன்றிக் கூட்டம் வாழ்ந்தது, குழந்தைகளே. தாங்கள் வெள்ளைப் பன்றிகள் என்பதில் அவற்றுக்கு ஒரே பெருமை. நடையைப் பார்க்க வேண்டுமே! கால் தரையில் பாவாது.

உண்மை என்ன தெரியுமா? ஆற்றங்கரையில் ஒரு வெண்களிமண் குழி இருந்தது. காலையில் எழுந்ததும் எல்லாப் பன்றிகளும் அதில் புரண்டு, வெள்ளை வெளேரென்று வெளியே வரும். மழையில் மண் கரைந்தால் ஓடிப்போய் மறுபடி புரளும். மண் கரைந்த பன்றி எதிரே வந்தால் மற்றவை முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது கூட்டத்தின் கட்டளை. அதனால் யாருடைய தோலையும் யாரும் பார்த்ததில்லை. தன் தோல் வெள்ளையாக இல்லை என்று கண்டுகொண்ட பன்றிகூட, "எனக்கு மட்டும்தான் இப்படிப் போலிருக்கிறது" என்று வாயை மூடிக்கொண்டது.

கூட்டத்தின் தலைவன் மருப்பனுக்கு அந்தக் கவலையும் இல்லை. அது நாளைக்கு மூன்று முறை புரளும். மழைக்காலத்தில் குகையை விட்டே வராது. பிறந்தது முதல் தன் தோலைத் தானே கண்டதில்லை. ஆனால் வெள்ளையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும்!

மருப்பனின் துணை கிழங்கி. மூடுபனி மலையில் பிறந்து இந்தக் கூட்டத்துக்கு வந்த பெண்பன்றி. எதையும் நின்று நிதானமாக யோசிக்கும் குணம் அதற்கு.

ஒரு நாள் கிழங்கி தனியாகப் போய், புல்லைக் குவித்துக் கூடு கட்டி, ஏழு குட்டிகள் ஈன்றது. இரண்டு வெளிர் சிவப்பு. ஒன்று மணல் நிறம். மூன்று பழுப்பு. கடைசிக் குட்டி மட்டும் அடுப்புக்கரி போலக் கறுப்பு. ஒரே வயிறு, ஒரே தகப்பன், நிறம் மட்டும் வேறு வேறு. கிழங்கி ஏழையும் நக்கி நக்கிக் கொஞ்சியது. கடைசிக் குட்டிக்கு மையி என்று பெயர் வைத்தது.

குட்டிகளின் கால் உறுதியானதும் களிமண் பூசித்தான் கூட்டத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்குள் ஒரு கேடு வந்துவிட்டது. நயவன் என்ற நரி அந்தப் பக்கம் வந்தது. முகஸ்துதி பாடியே வயிறு வளர்க்கும் நரி அது. மையியைக் கண்டதும் அதன் நாக்கில் எச்சில் ஊறியது. நேரே மருப்பனிடம் ஓடியது.

"தலைவரே, முழு நிலா மாதிரி இருக்கற உங்களுக்கு இப்படி ஒரு தலைகுனிவா! உங்க குட்டிங்கள்ல ஒண்ணு கன்னங்கரேல்னு கிடக்கு. நீங்களோ வெள்ளை, அம்மாவும் வெள்ளை. அப்புறம் அது யார் குட்டி?"

மருப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. "அது என் ரத்தமே இல்ல! நாளைக்கு உச்சிவேளையில அதைப் பொட்டல்ல கொண்டுபோய் விட்டுடுங்க!"

"அந்தச் சிரமம் உங்களுக்கு எதுக்கு? நானே கூட்டிட்டுப் போறேன்" என்றது நரி, பல்லை இளித்துக்கொண்டு.

செய்தி கேட்ட கிழங்கிக்கு, பாய்ந்து நரியைக் குத்திக் கிழிக்கலாமா என்று தோன்றியது. ஆனால் கூட்டமே நரியின் பக்கம் நின்றால் ஒற்றையாளாக என்ன செய்வது? அழுகையை விழுங்கிக்கொண்டு, யோசித்தது. யோசித்து முடித்தபோது அதற்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது.

மறுநாள் ஆற்றங்கரையில் கூட்டம் கூடியது. கிழங்கி ஏழு குட்டிகளோடும் வந்தது. மையி எதுவும் தெரியாமல் அம்மாவின் காலுக்கிடையில் விளையாடியது. பன்றிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"குட்டியை ஒப்படைச்சிடு, கிழங்கி" என்றது மருப்பன்.

"தலைவர் சொன்னா மறுபேச்சு இல்லீங்க. நரியண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கட்டுமா?"

"கேளு."

கிழங்கி நரியின் பக்கம் திரும்பியது. "ஏன் அண்ணே, நம்ம தலைவர் மேல இருக்கற மண்ணை எடுத்துட்டா எப்படி இருப்பாரு?"

புகழ ஒரு வாய்ப்புக் கிடைத்தால் நயவன் விடுமா? "அடடா, என்ன கேள்வி கேட்டே! மண்ணே இவ்வளவு வெள்ளைன்னா, தலைவர் தோலு பத்து மடங்கு வெள்ளை! பாத்தா கண்ணு கூசிப்போகும்!"

"அப்படின்னா அந்த அழகை நாங்க யாருமே பார்த்ததில்லையே, அண்ணே. தீர்ப்புச் சொல்ற நாளில தலைவர் ஆத்துல ஒரு முழுக்குப் போட்டு எழுந்து வந்தா, கறுப்பு எங்களோடது இல்லைன்னு எல்லாருக்கும் விளங்கிடும். எனக்கும் புத்தி வரும். என்ன சொல்றீங்க?"

நரி விழித்தது. வேண்டாம் என்றால் இவ்வளவு நேரம் புகழ்ந்தது பொய் என்றாகிவிடும். "அ... அதுக்கென்ன! இறங்குங்க தலைவரே!" என்று அசடு வழிந்தது.

மருப்பனோ புகழ்ச்சியில் குளிர்ந்துபோயிருந்தது. "எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க! இன்னிக்கு யாரும் முகத்தைத் திருப்ப வேண்டாம்!" என்று கட்டளையிட்டுவிட்டு ஆற்றில் குதித்தது. முங்கியது. புரண்டது. தலையை ஆட்டிக்கொண்டு கரையேறியது.

முதுகு பழுப்பு. வயிறு கறும்பழுப்பு. காதுகள் இரண்டும் கன்னங்கறுப்பு.

மருப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தது. வயிற்றைப் பார்த்தது. அதன் முகம் பேயறைந்தது போலாயிற்று.

அப்போது கூட்டத்திலிருந்து கோரி என்ற வயதான பெண்பன்றி முன்னால் வந்தது. "என் மூத்தவனும் கறுப்பாத்தான் பொறந்தான். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அன்னிக்கே மண்ணைப் பூசினேன். இத்தனை வருஷமா பயந்துக்கிட்டே கிடந்தேன்" என்று சொல்லி, அப்படியே தண்ணீரில் இறங்கியது.

"என் மகளும்தான்!" என்றது இன்னொன்று.

"எனக்கு ரெண்டு பேர்!" என்றது மற்றொன்று.

தாய்ப்பன்றிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஆற்றில் விழுந்தன. பிறகு யாரைத்தான் நிறுத்துவது? கூட்டமே தொபுக்கடீரென்று குதித்தது. ஆறு பாலாக ஓடியது. கரையேறியவை பழுப்பு, சாம்பல், மணல் நிறம், வெளிர் சிவப்பு, கறுப்பு. ஒன்றை ஒன்று பார்த்து வாயைப் பிளந்தன. பிறகு சிரிக்கத் தொடங்கின. காடே அதிரும்படி சிரித்தன!

மருப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "கிழங்கி, அப்ப நான் யாரு?" என்று மெல்லக் கேட்டது.

கிழங்கிக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நீங்க நீங்கதான். எங்க அப்பா பொட்டலைச் சேர்ந்தவரு. அங்க இருக்கறவங்க எல்லாரும் கறுப்பு. அந்த வெயிலுக்குக் கறுத்த தோலுதான் குடை. ரொம்ப காலத்துக்கு முந்தி அங்கிருந்து கொஞ்சப் பேரு மூடுபனி மலைக்குப் போனாங்க. அங்க வெயிலே அபூர்வம். குட்டிங்க எலும்பு பலமா வளர வெயில் வேணும். கறுத்த தோலு அந்தக் கொஞ்ச வெயிலையும் உள்ள விடாது. கொஞ்சம் வெளுப்பாப் பொறந்ததுங்க நல்லா வளர்ந்து நிறையக் குட்டி போட்டுச்சுங்க. அந்தக் குட்டிங்களும் அப்படியே. தலைமுறை தலைமுறையா மலைக்கூட்டம் வெளுத்துப்போச்சு. எங்க அம்மா அந்தக் கூட்டம்."

"நாம?"

"நாம ரெண்டு பக்கத்திலிருந்தும் வந்து கலந்தவங்க. அம்மாகிட்டேர்ந்து கொஞ்சம், அப்பாகிட்டேர்ந்து கொஞ்சம் அள்ளிக்கிட்டுத்தான் ஒவ்வொரு குட்டியும் பொறக்குது. ஒருத்தன் அள்ளினதில வெளுப்பு அதிகம், ஒருத்தி அள்ளினதில கறுப்பு அதிகம். மையிகிட்ட இருக்கற கறுப்பு நீங்களும் நானும் குடுத்தது. வேற யாரும் குடுக்கல."

மருப்பன் மையியின் அருகே போனது. மையி பயப்படவில்லை. ஈர மூக்கால் தகப்பனின் மூக்கை முட்டியது. மருப்பனின் கண் கலங்கிவிட்டது.

"என் பொண்ணு!" என்று அது எல்லாருக்கும் கேட்கும்படி உறுமியது. "இவளை யாருடா கேட்டது?"

நயவன் வாலைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் நழுவப் பார்த்தது. விடுவார்களா? பல நிறப் பன்றிகள் சேர்ந்து அதைப் பொட்டல் வரை துரத்தின. துரத்தியதில் எல்லாருக்கும் முன்னால் ஓடியது கோரிப் பாட்டி!

களிமண் குழி இப்போதும் இருக்கிறது. வெளிர்த்தோல் பன்றிகள் வெயில் சுடும்போது போய்ப் புரண்டுவிட்டு வரும். கறுப்புப் பன்றிகள் விருப்பமிருந்தால் புரளும். பிறந்த குட்டிகளை எந்தத் தாயும் பிறகு மண்ணுக்குள் ஒளிக்கவில்லை. பிறந்த நிறத்தோடே கூட்டத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, "பாருங்க, என் பிள்ளை!" என்று தலைநிமிர்ந்து சொன்னன.

நீதி: தோலின் நிறம் முன்னோர் வாழ்ந்த வெயிலின் அளவைச் சொல்லும், உயர்வு தாழ்வைச் சொல்லாது.