பட்டை கேட்டு வந்த படக்காரர்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்பாங்க. ஓவியர் சிற்சபேசனுக்கு அந்தக் கவலையே கெடையாது. போன செவ்வாக்கிழமை உச்சி வெயில்ல எங்க ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தாரு. தோள்ல ஜோல்னாப் பை, கையில உளி. ஸ்டாண்டுல நிக்குத ஒரே ஒரு வாகை மரத்த மேலயும் கீழயும் பாத்துட்டு, "அடிமரத்தச் சுத்தி ரெண்டடிப் பட்டை மட்டும் வேணும்"னாரு.

மூணு வருசம் முந்தி பஸ் ஸ்டாப்பு வேம்புலயும் 'மட்டும்'னு சொல்லித்தான் உரிச்சாரு. ஆறே மாசத்துல மரம் பட்டுப் போச்சு. அந்தப் பட்டைய ஒட்டி அவரு செஞ்ச படத்துக்குப் பேரு 'மரம் காப்போம்'.

"பட்டை என்னத்துக்கு?"ன்னு கேட்டாரு பேச்சிமுத்து அண்ணாச்சி. எங்க ஸ்டாண்டுல மூத்த டிரைவர் அவருதான்.

"படத்துக்குத்தான் அண்ணாச்சி. பட்டை, சருகு, சணல், செம்புக் கம்பி, பழைய சேலை எல்லாத்தையும் பலகையில ஒட்டிச் சாயம் பூசுவேன். என் வேம்புப் படம் எப்படின்னு தெரியுமா? சென்னைக் கண்காட்சியில மாட்டுன மறுநாளே காக்கா வந்து கூடு கட்டிட்டு!"

"ஏசி ஹாலுக்குள்ள காக்கா எப்படிப் போச்சு?"ன்னான் இன்னொரு டிரைவர் இஸ்மாயில்.

"வரிசையில நின்னுதாம்ப்பா போச்சு! வெரட்ட வந்த வாட்ச்மேன் என்ன செஞ்சான்? படத்துல ஒரு குச்சிய ஒடிச்சுப் பல்லு வெளக்கிட்டுப் போயிட்டான்."

நாங்க சிரிச்சோம். அவரு சிரிக்கல. புளுகுதவன் சிரிச்சா புளுகு செத்துரும்னு அவருக்குத் தெரியும்.

"சித்திரை பொறந்ததும் படம் பூத்துட்டு. அந்தத் தெரு பூரா வேப்பம்பூ ரசம். பொம்பளையாளுக மஞ்சத் துணி சுத்தி, ஆத்தா எறங்கிட்டான்னு கூழே ஊத்திட்டாங்க!"

"இப்ப படம் எங்க இருக்கு?"

"ஒரு மில்லு முதலாளி வாங்கிட்டாரு. மத்தியானம் அதோட நெழல்லதான் தூங்குதாரு. நெழல் நகர நகர வேலக்காரங்க கட்டில நகத்தணும், பாவம்."

இத்தனையும் அவரு சொன்னது எங்க வாகை நெழல்ல நின்னுக்கிட்டு. வெயில்ல ஒரு கால வைக்கல மனுசன். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்ல.

"இன்னும் கேளுங்க! கொப்பு ஜன்னல் வழியா வெளிய வளந்து கரண்டுக் கம்பியில முட்டிட்டு. கரண்டாபீஸ்காரங்க ஏணி போட்டு வெட்டிட்டுப் போனாங்க. வெட்டும்போது அடிமரத்துல பட்டையும் பேந்து போச்சு. ஒரே வாரம்! கொப்பும் தழைஞ்சுட்டு, பட்டையும் மூடிட்டு!"

சொல்லிக்கிட்டே உளியக் கொண்டுபோயி வாகையில வச்சாரு. அண்ணாச்சி அவரு மணிக்கட்டப் புடிச்சாரு.

"ஏன் வே, அந்தப் படத்து வேம்பு இப்பவும் நல்லா இருக்கா?"

"ஜம்முனு இருக்கு."

"பட்டை போனாலும் வளந்துருது?"

"ஒரே வாரத்துல!"

"அப்ப அதுலயே போயி உரிச்சுக்கிடும். இந்த மரத்துல உளி பட்டுச்சு, ஒம்ம தோல உரிச்சு அந்தச் சருகு சணலோட நாங்களே ஒட்டிருவோம். ஒரு வாரத்துல வளருதான்னு பாப்போம்."