குடுவைக் கொடியின் மூடாத மூடி

அந்தக் காலத்தில் செடிகொடிக்கும் பேச்சு இருந்தது, பூச்சிபொட்டுக்கும் பேச்சு இருந்தது. மழைக்குப் பஞ்சமில்லாத ஒரு மலையூரில் நாச்சாள் என்று ஒருத்தி. விறகுக்குப் போன இடத்தில், வெயிலில் துவண்டு கிடந்த ஒரு கொடியைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. எடுத்துவந்து தேங்காய் மட்டைக்குள் நட்டு, அடுக்களை சன்னலில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். பானையின் குளிர்ச்சி கொடிக்குப் பிடித்துப்போயிற்று. சாணிக் கரைசல், அரிசி களைந்த தண்ணீர், எதை ஊற்றினாலும் குடித்துவிட்டு மளமளவென்று வளர்ந்தது. அப்போதெல்லாம் அதற்குக் குடுவை கிடையாது. வெறும் இலை, இலை நுனியில் ஒரு வால், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் இருக்கிற கொடியை யார் தேடி வருவார்கள்? ஒரே ஒரு தேனீ வந்தாள். மத்தியான வெயிலுக்கு ஒதுங்கியவள், இலைக்கு அடியில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் கொட்டுவாள். எந்த மரத்தில் பலா வெடித்தது, எந்தக் குரங்கு யாரிடம் அடிவாங்கியது என்று ஒன்று விடமாட்டாள். கொடி பார்க்காத உலகம் முழுக்க அவள் வாய்வழியாகத்தான் உள்ளே வந்தது.

நாச்சாள் சன்னலுக்கு வெளியே ஒரு முல்லையை ஊன்றினாள். அது பூத்ததுதான் தாமதம், தேனீயின் பேச்செல்லாம் முல்லையாகிவிட்டது. முல்லை இப்படிச் சிரித்தாளாம், முல்லை அப்படிச் சொன்னாளாம். பொழுது சாயப் போகிறது, அவள் மொட்டு அவிழ்கிற நேரம் என்று பாதிக் கதையில் எழுந்துபோய்விடுவாள். கொடிக்கு வயிறு எரிந்தது.

"வரும்போதே அவ வாசனையை அப்பிக்கிட்டு வரணுமாடி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டது.

"உன்கிட்ட அப்பிக்க என்னக்கா இருக்கு?" என்றாள் தேனீ. விளையாட்டாகத்தான் சொன்னாள்.

கொடிக்கு அது முள்ளாய்த் தைத்தது. நாச்சாள் ஊற்றியதையெல்லாம் இலை நுனிக்கே அனுப்பியது. வால் வீங்கி, காய்போலத் தொங்கி, வாய் திறந்து குடுவையாக நின்றது. மேலே ஒரு மூடி. விளிம்பில் தேன் கசிந்தது. உட்புறம் எண்ணெய் தடவினாற்போல வழுக்கியது. என் தாயி சொம்பு தூக்கிக்கொண்டு யாருக்குக் காத்திருக்கிறாள் என்று நாச்சாள் கேலி பேசியபடி தண்ணீர் தெளித்தாள். குடுவையில் பாதி நிறைந்தது.

மறுநாள் மத்தியானம் தேனீ விளிம்பில் உட்கார்ந்து ருசி பார்த்தாள். முல்லையிடம்கூட இப்படித் தேன் இல்லை என்றாள்.

"உள்ளே இன்னும் இருக்கு. இறங்கிப் பாரு."

இறங்கினாள், வழுக்கினாள். கொடி மூடியைச் சாத்திக்கொண்டது. கொல்ல நினைக்கவில்லை. ஒரே ஒரு சாயங்காலம் முல்லை காத்துக் கிடக்கட்டும், அது போதும் என்று நினைத்தது. உள்ளே இறக்கை படபடத்தது. கோபத்தில் அடித்துக்கொள்கிறாள் என்று எண்ணிக்கொண்டது. பிறகு சத்தம் அடங்கியது. தூங்கிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டது. தண்ணீருக்குள் ஒருத்தி செத்துப்போவாள் என்று செடிக்கு எப்படித் தெரியும்? செடிக்குத் தண்ணீர்தானே உயிர்.

பொழுது சாய்ந்தது. வெளியே முல்லை, தேனீயைக் காணோமே என்று கேட்டது.

"என்கூடத்தான் இருக்கா," என்றது கொடி. அப்படியொரு பெருமை அதன் குரலில்.

முல்லை முழுதும் பூத்தபிறகு மூடியைத் திறந்தது. தேனீ மிதந்துகொண்டிருந்தாள். எழுந்திருடி, எழுந்திருடி என்று எத்தனையோ தரம் கூப்பிட்டும் அசைவில்லை. நாலு நாளில் அவள் உடம்பு கரைந்து கொடிக்குள் இறங்கியது. இலையெல்லாம் என்றும் இல்லாத பச்சை. அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று கொடிக்குத் தெரியும்.

நாச்சாள் வழக்கம்போல் சாணிக் கரைசலோடு வந்தாள்.

"வேண்டாம் தாயி. இருந்த ஒருத்தியைத் தின்னுட்டேன். இனி உன் கையால சோறு எனக்கு இறங்காது."

பைத்தியம் என்று சொல்லி நாச்சாள் ஊற்றத்தான் செய்தாள். இலை ஓரமெல்லாம் கருகியது. பதறிப்போய்க் கூரையில் விழுந்த மழைத்தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். கொடி பிழைத்தது, பேச்சு மட்டும் திரும்பவில்லை.

அன்று முதல்தான் குடுவைக் கொடி எருவை ஏற்காமல் மழைத்தண்ணீரையும் தானாய் வந்து விழும் பூச்சியையும் கொண்டு பிழைக்கிறது. ஒருதரம் திறந்த மூடியை, உள்ளே போனவள் எழுந்து வரட்டும் என்று, மறுபடி மூடுவதே இல்லை.