மேட்டுச்சேரியா, நெடுந்தாங்கலா

தவமணி அம்மாளிடம் தியானம் கற்க வந்தவர்களில் சிதம்பரநாதனே மூத்தவர். குருவைவிடப் பதினான்கு வயது பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஒரு காலை அவர் கண்ணை மூடாமலே உட்கார்ந்திருந்தார். என்ன யோசனை என்று குரு கேட்டார்.

வீடு வாங்க வேண்டும் என்றார் சிதம்பரநாதன். மேட்டுச்சேரியில் மழைத் தண்ணீர் நிற்காது, ஆனால் ஸ்டேஷன் தூரம். அதை அடுத்த நெடுந்தாங்கலில் ஸ்டேஷன் பக்கம், ஆனால் ஏரியும் பக்கம், மழைக்குத் தண்ணீர் ஏறும். ஆறு மாதமாக இரண்டுக்கும் மாறி மாறிப் போய் வருகிறார். போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், குடியிருப்பவர்களை விசாரித்தார். ஒரு வாரம் இது மேல் என்று தோன்றும், மறு வாரம் அது.

"எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும், அம்மா."

"வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

"அவளுக்கு முட்டி போயிடுச்சு. இருக்கிறது மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. நான் பார்த்துட்டு வந்து சொல்லுவேன், கேட்டுக்குவா."

"கடைசியா எப்ப கீழே இறங்கினாங்க?"

சிதம்பரநாதன் சற்று யோசித்தார். "போன பொங்கலுக்கு முன்னாடி."

குரு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

சிதம்பரநாதனின் வீட்டுக்குப் போய், அவர் மனைவி மரகதத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினார்கள். வாசலுக்கு வந்ததும் மரகதம் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார்.

வாடகைக் காரில் மேட்டுச்சேரி போனார்கள். மரகதம் கண்ணாடியை இறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஒரு தெருவைத் தாண்டினால் நெடுந்தாங்கல். ஊர் மாறியதே அவருக்குத் தெரியவில்லை. அதுவும் நன்றாக இருக்கிறது என்றார். தள்ளுவண்டிக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஜன்னல் வழியே கையை நீட்டி, கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் தானே பொறுக்கினார்.

"ரெண்டுல எது, மரகதம்?" என்றார் சிதம்பரநாதன்.

"எதுவா இருந்தா என்ன. தரை வீடாப் பாருங்க."

"லிப்ட் இருக்கிற இடமாத்தான் பார்க்கிறேன்."

"கரண்ட் போச்சுன்னா மறுபடி உள்ளேயே தானே. கதவைத் திறந்தா எனக்குத் தெரு இருக்கணும்."

ஆறு மாதத்தில் சிதம்பரநாதன் ஒரு தரை வீடுகூடப் பார்த்திருக்கவில்லை.

திரும்பி வந்ததும், அக்கம்பக்கத்தார் இருவர் கை கொடுக்க, மரகதத்தை மேலே கொண்டுபோய் விட்டார்கள். பிறகு குருவை வழியனுப்ப சிதம்பரநாதன் பஸ் நிறுத்தம் வரை வந்தார்.

"இந்த மூணாவது மாடியையும் நான்தான் பார்த்து முடிச்சேன், அம்மா. காத்து நல்லா வரும்னு. அவளைக் கேட்கலை. இப்பவும் தப்பாப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

பஸ் வந்து நின்றது. குரு படியில் கால் வைத்துத் திரும்பினார்.

"போன தடவை தனியாத் தப்புப் பண்ணினீங்க. இந்தத் தடவை அவங்களையும் சேர்த்துக்கங்க."