சுரங்கத்தில் இருந்தவர்

மொசூலுக்கு வடக்கே, நினிவே சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தில் பெத் ஸாலி என்றொரு கிராமம் இருக்கிறது. கிராமத்துக்கு மேலே, குன்றின் மீது ஒரு மடம். மடத்தில் அப்போது இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவர் துறவி ஷ்மூனி. மற்றவர் அவருடைய சீடர் ஏஷாயா.

சீடருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. குரு அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் ஏஷாயா அவரை ‘ராபி’ என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் மொழியில் ஆசிரியர் என்று பொருள்.

ஏஷாயா சிறு வயதிலேயே ஸ்வீடனுக்குப் போனவர். அங்கே பள்ளியில் சரித்திரம் கற்பித்தார். பழைய அசீரிய அரசர்கள் கல்லில் வெட்டி வைத்த ஆப்பெழுத்துகளைப் படிக்கவும் கற்றுக்கொண்டார். மனைவி இறந்த பிறகு ஊருக்குத் திரும்பி மடத்தில் சேர்ந்தார். ஊர் பாதி இடிந்து கிடந்தது. துப்பாக்கிக்காரர்கள் அதை இரண்டு வருடம் பிடித்து வைத்திருந்துவிட்டு ஓடிப்போயிருந்தார்கள்.

உயிர் தப்பியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கூரை போடுவதற்கு முன்பே சண்டை போட்டார்கள்.

நாம் யார் என்பதுதான் சண்டை. நாம் அசீரியர்கள், நினிவேயை ஆண்டவர்களின் பிள்ளைகள் என்றது ஒரு பக்கம். நாம் சுரியானிகள், கிறிஸ்துவை ஏற்றவர்கள், சிலைகளைக் கும்பிட்ட அந்த ராஜாக்கள் நமக்கு யாருமில்லை என்றது இன்னொரு பக்கம். முதல் பக்கத்துக்குப் பேசியவர் ஏஷாயா. இரண்டாவது பக்கத்துக்குப் பேசியவர் கோஷாபா. கல்லறைத் தோட்டத்துச் சாவி அவரிடம்தான் இருந்தது. அவர் ஏஷாயாவின் தம்பி. அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருடமாகிவிட்டது.

அந்தக் குளிர்காலம் மழை விடாமல் பெய்தது. குன்றின் அடிவாரத்தில் மண் சரிந்து ஒரு வாய் திறந்தது. விமானங்களுக்குப் பயந்து துப்பாக்கிக்காரர்கள் தோண்டிய சுரங்கம் அது. ஆடுகள் அந்தப் பக்கம் போக மறுத்தன. அடித்து ஓட்டினால் படுத்துக்கொண்டன.

முதலில் உள்ளே போய்ப் பார்த்தவர் கோஷாபா. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து நேராக மடத்துக்கு ஏறினார். அண்ணனைப் பார்க்காமல் குருவிடம் சொன்னார்.

“உள்ளே ஒருவர் இருக்கிறார்.”

“உயிரோடா?”

“எலும்பு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், ராபி. காத்துக்கொண்டிருப்பது போல.”

குரு போய்ப் பார்த்தார். சுரங்கத்தின் கடைசியில் செதுக்கப்பட்ட ஒரு கல் சுவர் நின்றது. அதன் அடியில், முழங்கால்களை மார்போடு சேர்த்து, அந்த உடம்பு இருந்தது. பக்கத்தில் ஒரு நீல நைலான் கயிற்றுத் துண்டு. விரல் எலும்புகளுக்கு நடுவே ஒரு சுட்ட மண் மணி. கயிறு துப்பாக்கிக்காரர்கள் காலத்தது. மணி எந்தக் காலத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஊர் இரண்டாகப் பிளந்தது. நினிவே விழுந்த நாளில் செத்த நம் முன்னோர், அசீரியக் கொடி போர்த்தி அடக்கம் செய்ய வேண்டும் என்றார்கள் ஏஷாயாவின் ஆட்கள். கோஷாபா சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

“சிலை கும்பிட்டவனுக்குச் சிலுவைகளுக்கு நடுவில் இடமில்லை. துப்பாக்கிக்காரர்கள் எங்கிருந்தோ பிடித்து வந்த கைதியாக இருந்தால் அவனுக்கும் இங்கே இடமில்லை. யாருடைய ஆளோ, அவர்கள் வந்து எடுத்துப் போகட்டும்.”

யாரும் வரவில்லை. எலும்புகள் சுரங்கத்திலேயே இருந்தன.

பிறகு சத்தம் கேட்கத் தொடங்கியது. பகலில்தான். மூடுபனி அடிவாரத்தை மூடும்போது உள்ளேயிருந்து முணுமுணுப்பு வரும். காற்று என்றார்கள். தண்ணீர் சொட்டுகிறது என்றார்கள். துணி துவைக்கப் போகும் பெண்கள் வேறு வழியாகப் போனார்கள்.

நினிவே நோன்பு வந்தது. யோனா தீர்க்கதரிசி எச்சரித்தபோது நினிவே மக்கள் சாக்கு உடுத்தி அழுதார்கள் அல்லவா, அதை நினைத்து அந்த ஊர்க்காரர்கள் வருடாவருடம் மூன்று நாள் பட்டினி இருப்பார்கள்.

முதல் நாள் காலை, கோவில் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஏஷாயா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

“ராபி, நாம் நினிவேயின் பிள்ளைகள் இல்லையென்றால் அவர்கள் பாவத்துக்கு நாம் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? இது ஒன்றே போதாதா சாட்சிக்கு?”

“கோஷாபா என்ன சொல்கிறார்?”

“மலபாரில் இருக்கும் கிறிஸ்தவர்களும் இதே நோன்பு இருக்கிறார்களாம். அவர்களும் அசீரிய ராஜாக்களா என்று கேட்கிறான்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“நான் அவனோடு பேசுவதில்லை.”

குரு விளக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“அந்தச் சுவரில் எழுத்து இருக்கிறது. உங்களுக்குப் படிக்கத் தெரியும். போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.”

“என்ன எழுதியிருக்கும் என்று தெரியும், ராபி. ராஜாவின் பெயர், அவன் ஜெயித்த ஊர்கள்…”

“சத்தமாகப் படியுங்கள். அங்கே இருப்பவருக்கும் கேட்கட்டும்.”

ஏஷாயா போனார். சுரங்க வாயில் வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். உள்ளே, யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவது போல இருந்தது. ஜெபம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

விளக்கைத் தூக்கினார். சுவரில் ராஜா இல்லை. தேரும் இல்லை. நடக்கும் மக்கள்தான் இருந்தார்கள். தலையில் மூட்டை சுமந்த பெண்கள். அப்பா கையைப் பிடித்த பிள்ளைகள். ஒரு மாட்டு வண்டியில், காலை மடக்கி உட்கார்ந்த கிழவி. வரிசையின் கடைசியில் தடியோடு ஒரு சிப்பாய்.

காலடியில் இருந்த எலும்புகளைப் பார்க்காமல், மேலே இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தார். சொன்னபடி சத்தமாகவே படித்தார்.

“மேற்கே இருந்து… சிறியவர் பெரியவர் என்று பாராமல் அவர்களைப் பிடித்து வந்தேன். இந்த மண்ணில் குடியேற்றினேன். அசூர் நாட்டு மக்களோடு அவர்களை…”

அதற்கு மேல் கல் உடைந்திருந்தது. அசூர் என்றால் அசீரியா. அந்தக் காலத்து ராஜாக்கள் இப்படி எழுதும்போது எந்த வார்த்தையில் முடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ‘எண்ணினேன்’ என்று முடிப்பார்கள். எங்கள் மக்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டேன் என்று அர்த்தம். அதைச் சொல்ல வாயெடுத்தார்.

“முனூ” என்றது ஒரு குரல்.

சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆணா பெண்ணா தெரியவில்லை. இரண்டாயிரம் வருடமாக எந்த வாயும் பேசாத மொழி அது. ஏஷாயா அதை ஏட்டில் மட்டுமே அறிந்தவர். ‘எண்ணினேன்’ என்று அந்தக் குரல் சொல்லவில்லை. ‘எண்ணு’ என்றது.

விளக்கு அங்கேயே கிடந்தது. அவர் எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே நினைவில்லை.

மடத்தில் குரு கோதுமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். ஏஷாயா வாசற்படியில் உட்கார்ந்தார்.

“படித்தீர்களா?”

“படித்தேன்.”

“ராஜாவின் பெயர் இருந்ததா?”

“இல்லை. அவன் இழுத்து வந்தவர்கள்தான் இருந்தார்கள்.” குருவின் பக்கம் திரும்பினார். “ராபி, உள்ளே பேசுகிறது. அசூரின் மொழியில் பேசுகிறது. அவர் நம் முன்னோர்தான். இப்போதாவது கோஷாபா ஒத்துக்கொள்ள வேண்டும்.”

“அப்படியானால் நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.”

மறுநாள் குருவே ஆள் அனுப்பி கோஷாபாவை வரவழைத்தார். அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசாமல் சுரங்கத்துக்குள் நடந்தார்கள். நேற்று விழுந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் தீர்ந்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்க வேண்டும். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

ஏஷாயா மறுபடியும் படித்தார். உடைந்த இடத்தில் நிறுத்தினார்.

குரல் வந்தது.

கோஷாபா அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து வெளிச்சத்தைப் பார்த்த பிறகும் விடவில்லை.

“கேட்டாயா?” என்றார் ஏஷாயா. பல வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. “‘முனூ’ என்றது. அசூரின் மொழி.”

“இல்லையே!” என்றார் கோஷாபா. “‘ம்னீ’ என்றது. நம் வீட்டுப் பேச்சு. நம் அம்மா பேசுவது போலவே பேசியது.”

“சரியாகக் கேள்…”

“நீதான் சரியாகக் கேட்கவில்லை. ‘ம்னீ’ என்றது. எண்ணு என்றது.”

இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.

மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே நின்றார்கள்.

“சுவரில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார் கோஷாபா.

“எங்கிருந்தோ ஜனங்களைப் பிடித்து வந்து இங்கே குடிவைத்து, அசூர்க்காரர்களாக எண்ணிக்கொண்டார்களாம்.”

“எந்த ஜனங்களை?”

“ஊர்ப் பெயர் உடைந்துபோயிருக்கிறது. மேற்கே இருந்து என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஜனங்கள் பேசியது நம் பேச்சின் தாய்மொழி.”

“அப்படியென்றால் நான் சொன்னது சரி. நாம் அந்த ராஜாக்களின் பிள்ளைகள் இல்லை.”

“நான் சொன்னதும் சரி. எண்ணப்பட்ட பிறகு அவர்கள் அசூர்க்காரர்கள்தானே.”

கோஷாபா திரும்பிச் சுரங்க வாயைப் பார்த்தார். உள்ளே விளக்கின் வெளிச்சம் அசையாமல் இருந்தது.

“அவர் அங்கே தனியாக இருக்கிறார்” என்றார். இடுப்பில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தார்.

நோன்பின் மூன்றாம் நாள் எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி எடுத்து வந்தார்கள். கொடி இல்லை. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் குரு கேட்டார்.

“எங்கே?”

“எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில்” என்றார் கோஷாபா. “எனக்கென்று வைத்திருந்த இடம்.”

அண்ணனும் தம்பியும்தான் குழி வெட்டினார்கள். பசியில் கைகால் தளர்ந்து மாறி மாறி உட்கார்ந்தார்கள். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. ஜெபத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. குரு அங்கே நிறுத்தினார். காத்திருந்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் “ஷமீரான்” என்றாள். துப்பாக்கிக்காரர்கள் இழுத்துப்போன அவளுடைய மகளின் பெயர் அது. அடுத்து ஒருவர் “தாவீத்” என்றார். இன்னொருவர், “என் அப்பா ஈஷோ.” ஒவ்வொருவராக, காணாமல் போனவர்களின் பெயரையெல்லாம் சொன்னார்கள். மூடுபனியில் ஓர் ஆளின் முகம் இன்னொருவருக்குத் தெரியவில்லை. ஊரில் யாருக்கும் தெரியாத சில பெயர்களும் அதில் கேட்டன. அவற்றை யார் சொன்னார்கள் என்று பிறகு எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லை.

குரு எல்லாப் பெயர்களும் முடியும்வரை நின்றார். பிறகு மண்ணைத் தள்ளினார்.

அன்றிலிருந்து சுரங்கத்தில் சத்தம் இல்லை. ஆடுகள் அந்தப் பக்கம் மேய்ந்தன.

ஆனாலும் சண்டை முழுவதும் அடங்கிவிடவில்லை. வசந்த காலத்தில் நகரத்திலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். மரியாதையான மனிதர். கல்லறையைத் திறந்து ஒரே ஒரு பல் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றார். அது எந்தக் காலத்து உடம்பு என்று சொல்லிவிடலாம். ஊர்க்காரர்கள் எச்சிலைக் கொடுத்தால், புதைந்திருப்பவருக்கும் இவர்களுக்கும் ரத்த உறவு உண்டா இல்லையா என்றும் சொல்லிவிடலாம்.

ஊரில் மறுபடியும் இரண்டு பக்கமும் கூடின. இரண்டு பக்கத்துக்கும் ஆசை இருந்தது. முடிவு தங்கள் பக்கம்தான் வரும் என்று இரண்டு பக்கமும் நம்பின.

அண்ணனும் தம்பியும் சேர்ந்தே மடத்துக்கு ஏறினார்கள். குரு முற்றத்தில் துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏஷாயா விஷயத்தைச் சொன்னார். பிறகு, இவ்வளவு காலம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

“ராபி, ஒரே ஒரு பல். எல்லாச் சண்டையும் தீர்ந்துவிடும். அவர் நம்மவரா இல்லையா என்று தெரிந்துகொள்வதில் என்ன தப்பு?”

“தப்பு ஒன்றுமில்லை” என்றார் குரு. “உங்களவர்தான் என்று முடிவு வந்தால் என்ன செய்வீர்கள்?”

“பெயர்க் கல் வைப்போம்.”

“இல்லை என்று வந்தால்?”

ஏஷாயா தம்பியைப் பார்த்தார். கோஷாபா கீழே கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தார். தாயின் கல்லுக்குப் பக்கத்தில் புது மண்ணின் மேல் புல் முளைத்திருந்தது.

குரு கடைசித் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

“இல்லை என்று வந்தால், அதைப் போய் அவரிடம் சொல்லப்போவது உங்களில் யார்?”