கட்டை போடாத தேர்

கடன்பட்ட ராஜா எப்படி இருப்பார் என்று தெரிய வேண்டுமா? மருதங்குடி வீரகேசரி ராஜாவைப் பார்த்தால் போதும். மனுஷன் அரண்மனைக்கு ஏழாவது மாடி கட்டக் கடன் வாங்கினார். அந்தக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்கினார். இரண்டையும் கொடுத்தவர் துறைமுகத்து வணிகர் மாணிக்கவேலர். வட்டி கேட்க வந்தவர், மூன்று மாதமாக மந்திரி நரசப்பர் வீட்டில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முதல்ல செலவைக் குறைங்க, மகாராஜா" என்றார் வணிகர்.

எந்தச் செலவை? ஏழாவது மாடியையா? அட போங்க! மந்திரி தேடிப் பிடித்தது தேருக்குக் கட்டை போடும் ஆட்களை.

அந்த ஊர்த் தேருக்கு அப்படி நாற்பது பேர். உருளும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து மரக்கட்டையைக் கொடுப்பார்கள். எல்லாச் சக்கரத்துக்கும் கொடுத்தால் தேர் நிற்கும், ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் திரும்பும். கொஞ்சம் பிசகினால் விரல் போய்விடும். அவர்கள் தலைவன் இருளாண்டிக்கு இடது கையில் மூன்று விரல்தான் மிச்சம். கூலி ஆளுக்கு நாலு மரக்கால் நெல். கை போனவன் வீட்டுக்குத் தினம் ஒரு படி அரிசி. மந்திரி நாலை இரண்டாக்கினார், அரிசியை அடியோடு நிறுத்தினார். பாவி!

நாற்பது பேரும் கட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

மந்திரி இருளாண்டியைத் தனியே கூப்பிட்டார். "நீ மட்டும் வேலைக்கு வா. உனக்கு எட்டு மரக்கால்."

"ஒருத்தன் கட்டை போட்டா தேர் கோணிக்கிட்டுப் போகும் சாமி. போட்டா நாப்பது பேரும் போடுவோம், இல்லேன்னா இல்ல."

வழக்கு சபைக்கு வந்தது. விடிந்தால் தேரோட்டம்.

மந்திரி எழுந்தார். "மகாராஜா, ஆயிரம் பேர் வியர்வை சிந்தி வடம் இழுக்கிறாங்க. இவங்க என்னடான்னா ஓடுற தேரை நிறுத்துறாங்க! நிறுத்துறதுக்கு ஒரு கூலியா? இவங்க இல்லேன்னா தேர் மத்தியானத்துக்குள்ள ஊரைச் சுத்தி வந்துடும்!"

ராஜா தாடையைத் தடவிக்கொண்டு அம்பலவாணரைப் பார்த்தார். சபையில் அவர்தான் விகடகவி. அவர் வாய்க்கு ராஜாவே பயப்படுவார்.

"மந்திரி சொல்றது ரொம்பச் சரி" என்றார் அம்பலவாணர்.

இருளாண்டி ஓரடி முன்னால் வந்தான். "ஐயா, நீங்களுமா?"

அம்பலவாணர் காதிலேயே வாங்கவில்லை. "கட்டை இல்லாமலே தேர் ஓடட்டும், மகாராஜா. இப்பேர்ப்பட்ட யோசனை சொன்ன மந்திரிக்கும் வணிகருக்கும் ஒரு மரியாதை வேண்டாமா? கீழவீதி முடியுற முனையில, மந்திரியோட புது வீட்டு வாசல்லயே பந்தல் போடுவோம். தேர் தங்களைப் பார்த்து நேரா வர்ற அழகை ரெண்டு பேரும் கண்குளிரப் பார்க்கட்டும்."

மந்திரிக்கு வாயெல்லாம் பல். கஜானா காலியான அதே வருஷத்தில் எப்படியோ முளைத்த வீடு அது. ஊர் பார்த்து வயிறெரியட்டும் என்று அவருக்கு ஆசை.

வெளியே வந்ததும் அம்பலவாணர் இருளாண்டியைப் பிடித்துக்கொண்டார். "கோவிச்சுக்காதேப்பா. நாளைக்கு நாப்பது பேரும் கட்டையோட அந்த முனைக்கு வாங்க. கேட்டது கிடைக்கிறவரைக்கும் யாரும் குனியக் கூடாது."

மறுநாள் தேர் புறப்பட்டது. கீழவீதி கொஞ்சம் சரிவு. ஆடி அசைந்து வந்த தேர், சரிவில் தானாகவே உருள ஆரம்பித்தது. முனைக்கு வந்தாயிற்று. இனித் திரும்ப வேண்டும். எப்படித் திரும்பும்? வடம் பிடித்தவர்கள் "ஐயையோ!" என்று கயிற்றைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். தேர் நேரே மந்திரி வீட்டைப் பார்த்து வந்தது.

"அடே இருளாண்டி! கட்டையைப் போடுடா!" என்று மந்திரி அலறினார்.

இருளாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "செலவு குறையணும்னீங்களே, சாமி."

"நாலு மரக்காலே தர்றேன்டா!"

"அது பழைய கூலி. கை போனவன் வீட்டு அரிசி?"

"அதுவும் தர்றேன்! கூலி ஆறு மரக்கால்! இல்ல, எட்டு!"

"கஜானாவுல இல்லேன்னீங்களே?"

"கஜானா கிடக்குதுடா! என் சொந்தக் களஞ்சியத்துலேருந்து அளக்கிறேன்!"

வணிகருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருடைய பெட்டி அந்த வீட்டு முன்கூடத்தில் இருந்தது. கடன் ஓலை அத்தனையும் அதற்குள்தான்.

"மகாராஜா! நிறுத்தச் சொல்லுங்க! இந்த வருஷ வட்டி வேண்டாம்!"

வீதியோரமாக யானைமேல் இருந்த ராஜா, பக்கத்தில் நின்ற அம்பலவாணரைப் பார்த்தார். அவர் வானத்தில் ஏதோ காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷ பாக்கி வட்டியும் வேண்டாம்! நிறுத்துங்களேன், ஐயா!"

இருளாண்டி ஒரு குரல் கொடுத்தான். நாற்பது பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். சக்கரம் கிறீச்சிட்டு, பந்தல் வாழைமரத்தை உரசிக்கொண்டு தேர் நின்றது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மந்திரியாரே, இன்னிக்கு மட்டுமில்ல, வருஷா வருஷம் எட்டு மரக்கால் உம்ம களஞ்சியத்துலேருந்துதான். ஊரே கேட்டுச்சு, தேர்ல இருக்கிற சாமியும் கேட்டாரு!"

கட்டைக்காரர்கள் போட்ட கூச்சலில் யானையே மிரண்டது. இருளாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ராஜா தன் தங்கக் காப்பைக் கழற்றி அம்பலவாணர் கையில் போட்டார். அவரோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னும் என்னய்யா குறை?"

"இந்த இருளாண்டி அவசரப்பட்டுட்டான், மகாராஜா. இன்னும் நாலடி வர விட்டிருந்தா, வணிகர் அசலே வேண்டாம்னு சொல்லியிருப்பாரு!"