பச்சைப்புழு மிச்சத்தால் அளந்த கதை

அந்தக் காலத்தில், மரத்தில் இருந்ததெல்லாம் வாய்விட்டுப் பேசிய நாளில், பச்சைப்புழு ஒன்று சாரைப்பாம்பு நீளம் இருந்தது. உடம்பு முழுக்கக் கால். ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி.

ஒரு புயலில் அதன் புங்கமரத்தில் இரண்டே கிளைகள் மிஞ்சின. நெட்டைக் கிளை காக்கைகளுக்கு. காக்கை காலடியில் நாற்பத்திரண்டு அடி. குட்டைக் கிளை மைனாக்களுக்கு, முப்பது அடி. எல்லாக் கூட்டுக்கும் ஒரே அளவு இடம் என்று பேசிவைத்தார்கள், இல்லாவிட்டால் சண்டை ஓயாது. கிளை நுனியில் மிச்சமும் கிடக்கக்கூடாது. கிடந்தால் குயில் வந்து உட்காரும். அப்புறம் எது யார் முட்டை என்றே தெரியாது.

"கூட்டுக்குப் பத்தடி," என்றது காக்கை.

"உன் கிளையில ரெண்டு மிஞ்சுதே, குயிலுக்கு வாடகைக்கு விடப்போறியா?" என்றது மைனா. "மூணடி போடு. ரெண்டுலயும் மிச்சமில்ல."

"மூணடியில குஞ்சு திரும்பினாலே கீழ விழும். இன்னும் பெருசா வேணும்."

காக்கை புழுவைப் பார்த்தது. "டேய் நீளப்பயலே, நீ அளந்து சொல்லு. மிச்சம் விழுந்துச்சோ, எங்களுக்குப் பத்து நாள் சோறு நீதான்."

புழுவுக்கு எண்ணத் தெரியாது. குட்டைக் கிளைமேல் உடம்பை நீட்டியது. நுனிக்கு நுனி சரியாக இருந்தது. நெட்டைக் கிளையில் போய்ப் படுத்தது. கிளை நுனியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது.

"மிச்சம்! மிச்சம்!" என்று மைனா கத்தியது. காக்கை அலகைத் தீட்டியது.

"இருங்கக்கா. ரெண்டு கிளைக்கும் சரியா வர்ற அளவு இந்த மிச்சத்துக்கும் சரியா வந்தாகணும். அந்த மிச்சத்தாலயே அளந்து பாக்குறேன்," என்றது புழு.

புழு நடு உடம்பைத் தூக்கி வளைத்து, தலைக்கும் வாலுக்கும் இடையே அந்த மிச்சத்தின் அளவுக்குக் குறுகியது. நடுக்கால்கள் அந்தரத்தில் உதறின. அப்படியே குட்டைக் கிளையை அளந்தது. இரண்டு முறை போனது, மறுபடியும் மிச்சம். வலியைப் பொறுத்துக்கொண்டு அந்தப் புது மிச்சத்தின் அளவுக்கு இன்னும் குறுகியது. நெட்டைக் கிளையில் முதலில் மிஞ்சிய இடத்தை அதனால் அளந்தது. சரியாக இரண்டு. மிச்சமே இல்லை.

"இதுதான். இதைவிடப் பெருசு கிடையாது."

"நடந்து காட்டு," என்றது காக்கை.

நிமிர்ந்தால் அளவு போய்விடும். புழு வளைந்தபடியே போனது. நெட்டையில் ஏழு, குட்டையில் ஐந்து. நுனியில் ஒரு நகம் வைக்கக்கூட இடமில்லை. காக்கை ஒரு கூட்டு இடத்தைத் தானே நடந்து எண்ணியது: ஆறடி. அலகை மூடிக்கொண்டது. நன்றி சொல்லவில்லை. தின்னவில்லை, அவ்வளவுதான்.

கூடுகள் கட்டி முடியும்வரை புழு நிமிரவே இல்லை. கிளையைத் தொடாத நடுக்கால்கள் காய்ந்து உதிர்ந்தன. குறுகிய உடம்பு குறுகியதுதான்.

அன்றிலிருந்துதான் அந்தப் புழுவின் வம்சத்துக்கு நடுவில் கால் இல்லை. முதுகை வளைத்து வளைத்து அளந்தே நடக்கிறது. இலை நுனி வந்ததும் தலையைத் தூக்கி அந்தரத்தில் துழாவும். மிச்சம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.