கனம் தெரியாத பை

கல்யாணப் போட்டோ எடுப்பதில் சங்கரன்கோவிலிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது சேர்மத்துரையின் நினைப்பு. கேமரா பை வாங்கக் கடைக்கு வந்தவர், ஒன்பது பைகளைக் குறைசொல்லித் தள்ளிவிட்டு, தன்னோடு வந்த உதவியாளர் பூரணத்திடம் திரும்பினார்.

"ரெண்டு கேமரா, ஏழு லென்ஸ், லைட்டு, ஸ்டாண்டு எல்லாம் உள்ளே போகணும். ஆனா கனம் தெரியக்கூடாது. அப்படி ஒண்ணு எடுத்துக் குடு. முடியலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

கடைக்காரர் கையைப் பிசைந்தார். பூரணம் அசரவில்லை. இருப்பதிலேயே பெரிய பையில், அளவு பார்க்கக் கொண்டுவந்திருந்த சாமான் எல்லாவற்றையும் அடுக்கி, வழக்கம்போலத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"கனம் தெரியுதா சார்?"

"எனக்கெப்படித் தெரியும்? சுமக்கிறது நீதானே?"

"அப்போ நீங்க கேட்ட பை இதுதான் சார்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். சேர்மத்துரை வீறாப்பாகப் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டினார். வாசற்படியைத் தாண்டுமுன் முதுகு வளைந்துவிட்டது. திரும்பி வந்து நான்கு லென்ஸ்களை மேசைமேல் எடுத்து வைத்தார்.

"இதையெல்லாம் கடைசியா எப்ப வெளியே எடுத்தோம்?"

"எடுத்ததே இல்ல சார். நான் சுமந்ததோட சரி."

அன்று அந்தக் கடையிலிருந்து இரண்டு சின்னப் பைகள் புறப்பட்டன. ஒன்று சேர்மத்துரையின் தோளில்.